படிக்கிற பிள்ளைகளும் நம் முழங்காலும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இலக்கணமும் யாப்பும் கற்பித்துக் காலங்கழிக்கும் தமிழாசிரியராகிய யாம் எலும்பையும் மூட்டையும் பற்றிப் பேச முன்வந்தமை உங்களிற் சிலர்க்கு வியப்பாகலாம். வைத்தியம் எம் துறையன்று. ஆயினும் கற்றலும் கற்பித்தலும் எம் துறையாதலின், அவ்வளவில் நின்று சில சொல்லத் துணிந்தோம். குற்றங்குறை உளவேல் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

சென்ற கூட்டத்தில் நிகழ்ந்ததொன்று உங்கள் நினைவில் இருக்கும். நம் கல்வி நிதியிலிருந்து, மருத்துவக் கல்லூரியிற் பயிலும் பிள்ளைகள் இருவர்க்கு உதவித்தொகை வழங்கினோம். யாவரும் கைகொட்டி மகிழ்ந்தோம். பின்னர்ச் சிற்றுண்டி அருந்துகையில் பேச்சு முழங்கால் மாற்றுச் சிகிச்சையின்மேற் சென்றது. பெரியவர் ஒருவர், “பெரிய டாக்டரே கத்தி பிடிக்கவேண்டும், படிக்கிற பிள்ளைகள் கையில் என் முழங்காலைக் கொடுக்கமாட்டேன்” என்றார். சூழ இருந்தோர் ஆமோதித்தனர். யாமும் தலையசைத்தோம். வீட்டை அடைந்து, திண்ணையில் அமர்ந்திருந்த எம் தாயாரைக் கண்டபின்னரே எமக்கு நாணம் உண்டாயிற்று. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம். உதவித்தொகை பெற்ற அவ்விருவரும் ‘படிக்கிற பிள்ளைகள்’ அல்லரோ? நாளை அவர்கள் எவர் முழங்காலிற் கற்பார்கள்? இவ்வினாவே இன்றைய சொற்பொழிவின் பொருளாகும்.

முதற்கண் சிகிச்சையின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். இடுப்பு மூட்டு, பந்தும் கிண்ணமும் பொருந்தியது போன்றது. தொடையெலும்பின் தலை பந்து. இடுப்பெலும்பின் குழி கிண்ணம். இவற்றைப் போர்த்திருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு தேய்ந்தொழிந்தால், எலும்போடு எலும்பு உராய்ந்து, நடையும் உறக்கமும் கெடும். தேய்ந்த தலையை அறுத்து நீக்கி, உலோகத் தண்டோடு கூடிய பந்தைத் தொடையெலும்பினுள் இறக்கி, குழியைக் குடைந்து புதுக் கிண்ணம் பதித்தலே இடுப்பு மாற்றுச் சிகிச்சை. முழங்காலிலோ, சந்திக்கும் இரண்டு எலும்பு முனைகளையும் சில மில்லிமீட்டர் கனத்திற்குச் சீவி, உலோகம் பூட்டி, நடுவே பிளாஸ்டிக் தகடு வைப்பர்.

சொல்ல எளிது, செய்தல் அரிது. இடுப்புக் கிண்ணம் சுமார் 40 பாகை சாய்ந்தும் 15 பாகை முன்னோக்கியும் இருத்தல் நன்று என்பது 1978ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் ஒரு கணக்கு. அது மிகப் பிறழ்ந்தால் பந்து கிண்ணத்தை விட்டு நழுவக்கூடும். தண்டு பொருந்தும் உயரம் தவறினால் ஒரு கால் நீண்டோ குறுகியோ போகும். முழங்காலை நீட்டும்போதும் மடக்கும்போதும் எலும்புகளுக்கிடையேயுள்ள இடைவெளி ஒத்திருத்தல் வேண்டும். இருபுறத்துத் தசைநார்களும் தம்முள் சமனாக இறுகியிருத்தல் வேண்டும். ஒருபுறம் தளர்ந்தால் கால் ஆடும். மிக இறுகினால் மடங்காது. எலும்போடு உலோகத்தைப் பற்றுவிக்கும் சிமெண்டோ, குழைத்த பத்து நிமிஷ அளவிற் கல்லாகிவிடும். மாணாக்கன் எழுதிய வெண்பாவில் தளை தட்டினால் அடித்துத் திருத்தலாம். சீவிய எலும்பை மீட்டும் ஒட்டுதல் எவர்க்கும் இயலாது.

இத்தகைய தொழிலை ஏட்டைப் படித்து மட்டும் எங்ஙனம் கற்பது? பாகையையும் மில்லிமீட்டரையும் நூல் சொல்லும்; தசைநாரின் இறுக்கம் போதுமா என்பதைக் கைதான் அறியும். அக்கையறிவு ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குச் செல்வதன்றி வேறு வழியில்லை. இதனை நன்குணர்ந்த ஒருவரின் வரலாற்றைக் கேளுங்கள்.

இங்கிலாந்தின் லங்காஷயர் மாகாணத்தில் ரைட்டிங்டன் என்னும் இடத்தில், முன்னர்க் காசநோய்க்கென ஏற்பட்டிருந்த ஆஸ்பத்திரியொன்று உண்டு. அங்கே ஜான் சார்ன்லி என்னும் சத்திர வைத்தியர் இடுப்பு மூட்டுக்கெனவே ஒரு நிலையத்தை 1961இல் தொடங்கினார். இன்று உலகெங்கும் நடைபெறும் இடுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு அடிகோலியவர் அவரே. அவர் முதலில் டெப்லான் என்னும் பொருளாற் கிண்ணம் செய்து, சுமார் 300 பேர்க்குப் பதித்தார். நோயாளிகள் வலியின்றி நடந்தனர், புகழ் பரவிற்று. ஆனால் சில ஆண்டுகளிலே டெப்லான் தேய்ந்தது. தேய்ந்த தூள் சூழ இருந்த தசையைப் புண்படுத்தி எலும்பையும் அரித்தது. பதித்தவற்றை மீண்டும் எடுக்கவேண்டியதாயிற்று. சார்ன்லி தம் பிழையை மறைத்தாரல்லர். அத்தூளைத் தம் தொடையினுள்ளேயே செலுத்திப் பார்த்து, அது செய்யும் தீங்கைக் கண்டு, வைத்தியப் பத்திரிகையில் 1963இல் வெளியிட்டார்.

மாற்றுப்பொருள் கிடைத்த வகை இன்னும் சுவையுடையது. நெசவு யந்திரங்களின் பற்சக்கரத்திற்கென வந்த பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்கை ஒரு வியாபாரி 1962இல் கொணர்ந்து காட்டினார். சார்ன்லி அதனைப் பயனற்றதென்று ஒதுக்கிவிட்டு வெளியூர் சென்றார். அவரிடம் வேலை பார்த்த ஹாரி கிரேவன் என்னும் யந்திரத் தொழிலாளி, தலைவர் இல்லாதபோது அதனைத் தேய்ப்பு யந்திரத்தில் இட்டு ஓட்டிப் பார்த்தார். நாள்கள் பல கழிந்தும் அது தேய்ந்தது மிகச் சிறிதே. திரும்பிவந்த சார்ன்லி அதனைக் கண்டு தம் கருத்தை மாற்றிக்கொண்டார். கீழ்ப்பணியாளர் கண்டதை ஏற்கும் பெருமனம் அவர்க்கு இருந்தமையால் உலகம் பயன்பெற்றது.

ஆயினும் நாம் இன்று கருதவேண்டியது இதனினும் சிறந்த வேறொரு செயல். கருவி நன்கமைந்தபின், அதனை விரும்பிய வைத்தியர்க்கெல்லாம் விற்றிருந்தால் பொருள் குவிந்திருக்கும். சார்ன்லி அங்ஙனம் செய்யவில்லை. ரைட்டிங்டனுக்கு வந்து முறையை நேரிற் கண்டு கற்றவர்க்கன்றி அக்கருவியை விற்கலாகாது என்று, அதனைச் செய்த லீட்ஸ் நகரத்துக் கம்பெனியைச் சில ஆண்டுகள் கட்டுப்படுத்தினார். கல்லாதவன் கையில் நல்ல கருவியும் நஞ்சாகும் என்று அவர் கண்டிருந்தார். தம்மிடம் சிகிச்சை பெற்றோரை, இறந்தபின் அம்மூட்டை ஆராய்ச்சிக்குத் தருமாறும் வேண்டினார். பலர் உவந்து இசைந்தனர். அம்முதியோர் தம் மரணத்தின் பின்னும் வைத்தியர்க்கு ஆசிரியராயினர் என்னலாம்.

கற்க வந்தவர் வெறுங்கையோடு திரும்பவுமில்லை. கனடா தேசத்திலிருந்து வந்து அங்கே பயின்ற பிராங்க் கன்ஸ்டன் என்னும் இளம் வைத்தியர், ஆசிரியரின் இடுப்பு முறையை முழங்காலுக்கு ஏற்ப மாற்றி, 1968ஆம் ஆண்டையொட்டி ஒரு புது முழங்காலை அமைத்தார். இக்கால முழங்கால் சிகிச்சையின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. படிக்க வந்த பிள்ளையின் கையிலும் முழங்கால் சிகிச்சை வளர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, இக்காலத்துப் பயிற்சியின் படிமுறையைக் காண்போம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி 1889இல் திறக்கப்பெற்றது. அங்கே வில்லியம் ஹால்ஸ்டெட் என்பவர், இளம் வைத்தியர் ஆஸ்பத்திரியிலேயே தங்கிப் படிப்படியாகப் பொறுப்பேற்கும் முறையை நிலைநிறுத்தினார். அங்ஙனம் தங்கிப் பயின்றமையால் அவர்க்கு ‘ரெஸிடெண்ட்’ என்று பெயராயிற்று. நம் பண்டைக் குருகுல வாசத்தை ஒருபுடை ஒப்பது இம்முறை. இன்று அந்நாட்டில் எலும்பு வைத்தியத்திற்கு இப்பயிற்சி ஐந்தாண்டு. மூட்டு மாற்றில் தனித்திறம் வேண்டுவோர் மேலும் ஓராண்டு பயில்வர். நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தபின் எம்.எஸ். பட்டத்திற்கு மூன்றாண்டு.

தொடக்கத்தில் மாணாக்கர் கத்தியைத் தொடுவதில்லை. தசையை விலக்கிப் பிடித்து, ஆசிரியர் கையைப் பார்த்து நிற்பர். பின்னர்ப் பிளாஸ்டிக் எலும்பிலும், அறிவியலுக்கென அளிக்கப்பெற்ற உடல்களிலும் பழகுவர். அடுத்துத் தோலைத் தைப்பர், பின் திறப்பர், பின் சிகிச்சையின் ஒரு பகுதியை மட்டும் செய்வர். அதன்பின்னரே ஆசிரியர் எதிரே நிற்க முழுவதையும் செய்வர். இடுப்பு மாற்று 30, முழங்கால் மாற்று 30 என்னும் தொகைக்குக் குறையாமல் ஒவ்வொரு மாணாக்கரும் பங்குகொள்ளவேண்டுமென அமெரிக்காவில் 2010க்குப் பின் ஒரு கணக்கு வகுத்தனர். எண்ணிக்கை மட்டும் திறமையாகிவிடாது. எனினும் எண்ணிக்கையின்றித் திறமை வாராது. நூறு வெண்பா எழுதினவனெல்லாம் புலவனல்லன். ஒன்றும் எழுதாதவன் ஒருகாலும் புலவனாகான்.

“இவ்வளவு சொல்லியும், மாணாக்கர் செய்த மூட்டு பழுதாகாதோ?” என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்வியே. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டு முதல் மூட்டு மாற்றுச் சிகிச்சைகளை ஒரு பதிவேட்டில் குறித்து வருகின்றனர். செய்தவர் முதியவரா, பயிற்சியாளரா, அருகில் முதியவர் கையுறை அணிந்து உடன் நின்றாரா என்பனவும் அதிற் காணப்பெறும். அதனை ஆராய்ந்தவர்கள், முதியவர் உடன் நிற்கப் பயிற்சியாளர் செய்த இடுப்பு மூட்டுகள், முதியவரே செய்தவற்றிற்கு ஈடாகவே நிலைத்திருக்கின்றன என்று கண்டனர். ‘முதியவர் உடன் நிற்க’ என்னும் தொடரை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, மாணாக்கரைத் தனியே விட்டு வேறிடம் போவது கற்பித்தலாகாது. அது நோயாளிக்கும் மாணாக்கர்க்கும் ஒருங்கே செய்யும் துரோகம்.

இனி எம் நாணத்தின் காரணத்தைச் சொல்வோம். மூன்றாண்டுகளுக்கு முன் எம் தாயார்க்கு முழங்கால் மாற்ற நேர்ந்தது. முதிய டாக்டர் எம்மை அழைத்து, “நான் உடன் நிற்பேன், சிகிச்சையின் பெரும்பகுதியை என் பயிற்சி டாக்டர் செய்வார். உங்களுக்குச் சம்மதந்தானா?” என்று ஒளிக்காமற் கேட்டார். யாம் சிறிதும் எண்ணாது, “வேண்டா, தாங்களே செய்யவேண்டும்” என்றோம். அருகில் நின்ற அப்பயிற்சி டாக்டர், எம் மாணாக்கியர் வயதினும் சிறிதே மூத்த பெண், தலைகுனிந்து நின்றார். அப்போது தாயார் எம்மைப் பார்த்து, “முழங்கால் என்னுடையதா, உன்னுடையதா?” என்றார். பின்னர், “நீ முதன்முதல் பாடம் சொன்ன வகுப்புப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தன? புது வாத்தியார் வேண்டாமென்று அவர்களைப் பெற்றவர்கள் சொல்லியிருந்தால் உனக்கு இன்று சோறு ஏது? பக்கத்தில் பெரியவர் நிற்கிறாரே, இந்தக் குழந்தை செய்யட்டும்” என்றார். எமக்கு மறுமொழி எழவில்லை.

எம் முதல் வகுப்பு எமக்கு நினைவிருக்கிறது. புணர்ச்சி விதியொன்றைத் தவறாகச் சொன்னோம். தலைமைப் பண்டிதர் பின்வரிசையில் அமர்ந்திருந்து, வகுப்பு முடியுமுன் மெல்லத் திருத்தினார். அவர் அங்கில்லையேல் முப்பது பிள்ளைகள் பிழையைக் கற்றிருப்பர்.

சிகிச்சை நிகழ்ந்தது. அப்பெண் நாள்தோறும் காலையில் வந்து தாயாரின் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார்; வலிக்கும்போது கை பற்றிக்கொண்டார். இன்று தாயார் கோலூன்றாமல் கோயிலுக்குச் சென்று வருகிறார். வடு ஒன்றுதான் இருக்கிறது. அதில் எப்பகுதி எவர் கையால் ஆயிற்று என்று எம்மாற் பிரித்தறிய முடியவில்லை. இத்தனையும் கண்ட பின்னர், சென்ற கூட்டத்தில் யாம் தலையசைத்தோமே! அதுவே எம் நாணம்.

அன்பர்களே! நம் வீட்டுப் பிள்ளைகள் வைத்தியராக வேண்டும் என்கிறோம். அவர்கள் கற்பதற்குப் பிறர் முழங்கால் வேண்டும். பிறர் பிள்ளைகள் கற்பதற்கு நம் முழங்கால் கூடாது என்போமாயின், அதன் பொருள் யாது? பணமில்லாதவன் காலே பயிற்சிக்குரியது என்பதன்றோ? சங்கம் கண்டு ஒற்றுமை பேசும் நாம், நம் குலத்து எல்லையோடு நியாயத்தையும் நிறுத்திக்கொள்ளலாமா? வைத்தியக் கல்வி ஊர்ப்பொதுக் குளம் போன்றது. நீர் மொள்ள வருவோர் கரைகட்டவும் வருதல் வேண்டும்.

கண்மூடி இசையுங்கள் என்று யாம் சொல்லவில்லை. கத்தி பிடிப்பவர் யார், முதியவர் தொடக்கமுதல் இறுதிவரை உடன் நிற்பாரா, இதுவரை எத்தனை செய்திருக்கிறார் என்று அச்சமின்றிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. விடைசொல்வது அவர்கள் கடமை. சொல்லாமல் மறைப்பாராயின் மறுத்துவிடுங்கள். நேர்மையாகச் சொல்வாராயின், இசைதலைப் பற்றி எண்ணிப் பாருங்கள்.

பவணந்தி முனிவர் நல்லாசிரியர்க்குக் கூறிய உவமைகளுள் துலாக்கோலும் ஒன்று. மூட்டு மாற்றுக் கற்பிக்கும் ஆசிரியர் ஒரு தட்டில் நோயாளியின் நலத்தையும், மறுதட்டில் மாணாக்கரின் கல்வியையும் வைத்துக் கோல் கோடாமல் பிடிக்கவேண்டியவர். அக்கோலைப் பிடிக்க அவர்க்கு நம் நம்பிக்கையும் வேண்டும்.

நம் நிதியால் பயிலும் அவ்விரு பிள்ளைகளும் சில ஆண்டுகளில் ஏதோ ஓர் ஊரில், முன்பின் அறியாத ஒரு மூதாட்டியின் படுக்கையருகே நிற்பர். அவர் எம் தாயார் சொன்னதைச் சொல்லவேண்டுமென்று விரும்புகிறோமா, சென்ற கூட்டத்தில் நாம் சொன்னதைச் சொல்லவேண்டுமென்று விரும்புகிறோமா? இதனை வீடு சென்று எண்ணுமாறு வேண்டுகின்றோம்.