சொற்செல்வம் சேர்க்கும் வழி

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

1930ஆம் ஆண்டு இலண்டனில் கூடிய முதலாவது வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் நம் மக்களின் பிரதிநிதிகளாக அமர்ந்தார்கள். ஆட்சியாளரின் மொழியிலேயே ஆட்சியாளரிடம் நமக்காக வழக்குரைத்தார்கள். அவர்தம் வழிவந்த நம் பிள்ளைகள் பலர், பட்டம் பெற்ற பின்னும் நேர்முகத் தேர்வில் நா எழாமல் திரும்புவதை இன்றும் காண்கிறோம். அறிவு இருக்கிறது; அதை எடுத்துரைக்கும் சொல் இல்லை. வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளராத பிள்ளை வகுப்பில் ஒரு சொல்லைத் தவறாக ஒலித்தபோது எழுந்த சிரிப்பு, அவன் வாயை ஆண்டுக்கணக்கில் அடைத்துவிடுகிறது. இது பிறவிக் குறையன்று. கேட்கும் வாய்ப்புக் கிட்டாத குறை.

அக்குறையைப் போக்கும் கருவி இன்று பலர் கையிலும் உள்ளது. அமெரிக்காவில் 1984இல் தோன்றிய டெட் என்னும் கருத்தரங்கு, 2006 முதல் தன் சொற்பொழிவுகளை இணையத்தில் கட்டணமின்றி வழங்கி வருகிறது. அவற்றுள் பெரும்பாலானவை 18 நிமிட அளவுக்கு உட்பட்டவை. பேச்சின் எழுத்து வடிவமும் உடன் கிடைக்கிறது. வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். ஒரே வாக்கியத்தைப் பத்து முறை கேட்டாலும் நகைப்பார் எவருமில்லை.

ஆயினும், வெறுமனே பார்ப்பதால் சொல் சேராது. துணையின்றிப் பொருள் விளங்க வேண்டுமாயின் நூற்றுக்கு 98 சொற்கள் அறிந்தவையாக இருத்தல் நலம் என்பது மொழி ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் எடுத்துக்கொண்ட அளவுகோல். நிமிடத்துக்கு 150 சொற்கள் எனக் கொண்டால், ஐந்து நிமிடப் பகுதியில் 750 சொற்கள், அறியாதவை 15. எழுத்து வடிவம் துணையிருப்பின் சற்று மிகுதியாயினும் சமாளிக்கலாம். நாற்பது, ஐம்பது எனப் பெருகினால் எளிய பேச்சை நாடுவதே நன்று.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சி 2009இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரை புகழ் பெற்றது. ஒரு மக்களைப் பற்றி ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது அவர்தம் மாண்பைப் பறிக்கும் என்பது அதன் சாரம். நம்மைப் பற்றிப் பிறர் சொன்ன கதைகளை அறிந்த நமக்கு அப்பொருள் புதிதன்று. பொருள் பழகியதாயின் சொல் எளிதில் பிடிபடும்.

அவ்வுரையை நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நாளுக்கொரு பகுதி போதும். முதன்முறை எழுத்தைப் பாராமல் கேளுங்கள். அடுத்து ஆங்கில எழுத்து வடிவத்துடன் கேட்டு, எட்டுச் சொற்களை மட்டும் தேர்ந்து, அவை வந்த வாக்கியத்தோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். பின்னர் அகராதியைப் புரட்டுங்கள். மூன்றாம் முறை பேச்சாளரோடு சேர்ந்து உரக்கச் சொல்லுங்கள். ‘டிக்னிட்டி’ என்னும் சொல் அவ்வுரையில் வருகிறது. நம் அரசியலமைப்பின் முகப்புரையிலும் வருகிறது. இரண்டு இடத்திலும் கண்ட சொல் எளிதில் மறவாது. மறுநாளும், மூன்றாம் நாளும், வாரம் கழித்தும் குறிப்பேட்டை மூடிவைத்துச் சொற்களை நினைவுகூருங்கள். ஒவ்வொன்றையும் உங்கள் ஊரைப் பற்றிய ஒரு வாக்கியத்தில் வழங்குங்கள். வழங்கிய சொல்லே நம்முடைய சொல்.

எல்லா வீட்டிலும் கைப்பேசி இல்லை; இருப்பினும் பெண்பிள்ளைகளின் கைக்கு அது எளிதில் வருவதுமில்லை. ஆகவே ஊர்தோறும் இரவுப் பாடசாலையிலோ படிப்பகத்திலோ வாரம் ஒரு மாலை, ஒரு திரை, இருபது குறிப்பேடுகள் என்று தொடங்க வேண்டுகிறோம். அங்கே தவறாக ஒலிப்பவரைக் கண்டு ஒருவரும் நகைத்தலாகாது. அதுவே முதல் விதியாகட்டும்.

நாளுக்கு எட்டுச் சொல் எனில், நான்கு நாளில் முப்பத்திரண்டு. நம் முன்னோருக்கு மறுக்கப்பட்ட செல்வம் இவ்வாறு சிறுகச் சிறுகச் சேரட்டும்.