எண்ணை எழுத்தால் எழுதுவோம்!

(சூசூவாடித் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தமிழ்நலங் காக்கும் உறவோரே!

ஓசூரின் எல்லை முடிந்து கன்னட நாடு தொடங்கும் இவ்வூரில், என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் தொழிற்சாலையிற் பணிபுரிகிறார். அண்மையில் காசோலையோடு வந்து, "ஐயா, நாற்பதாயிரத்து முந்நூறு என்பதை ஆங்கிலத்தில் எழுதித் தாருங்கள்" என்றார். "தமிழிலேயே எழுதலாமே, தம்பி" என்றேன். "ஏற்பார்களா, ஐயா?" என்று வியந்தார்.

ஏற்கத்தான் வேண்டும். காசோலையை இந்தியிலோ ஆங்கிலத்திலோ அவ்வப் பகுதி மொழியிலோ எழுதலாம் என்பது இந்திய இரிசர்வு வங்கியின் நெறிமுறை. 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவோ, இலக்கமும் எழுத்தும் மாறுபடின் எழுத்தாற் குறித்த தொகையே செல்லும் என்கிறது. இலக்கத்தினும் சொல்லுக்கே வலிமை!

அவர் மகிழ்ந்து எழுதினார்: 'முன்னூறு'! பிழை அவரதன்று, அழுத்திக் கற்பிக்காத என்னுடையது. மூன்றும் நூறும் புணர்ந்தால் முந்நூறு. ஐந்தும் நூறும் புணர்ந்தால் ஐந்நூறு. நான்கும் நூறும் நானூறு. தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் இவற்றை வகுத்துவைத்தார். நாமோ தொண்ணூற்றைத் 'தொன்னூறு' என்கிறோம்.

"தமிழெண் கடினம்" என்பார்க்கு ஒன்று சொல்வேன். பிரெஞ்சுக்காரர்க்கு எழுபது 'அறுபது பத்து'. எண்பது 'நான்கு இருபது'. தொண்ணூற்றொன்பது 'நான்கு இருபது பத்து ஒன்பது'. எண்பது தனித்து நிற்பின் ஈற்றிற் பன்மையெழுத்து வரும். ஒன்று சேர்ந்து எண்பத்தொன்றாயின் அது கெடும். ஆங்கிலத்தில் நான்கிலும் பதினான்கிலும் உள்ள 'யு' எழுத்து நாற்பதில் இல்லை. அவர்கள் இதற்காகத் தம் மொழியைக் கைவிட்டனரா? பிள்ளைகட்குக் கற்பிக்கின்றனர்.

நம் சொற்களிலோ வரலாறே உறைகிறது. இத் தெருவிற் கேட்கும் தெலுங்கில் ஒன்பது 'தொம்மிதி'. கன்னடத்தில் தொண்ணூறு 'தொம்பத்து'. இத் தகர முதல் எங்கிருந்து வந்தது? ஒன்பதைக் குறித்த பழஞ்சொல் 'தொண்டு'. தொல்காப்பியத்திலும் பரிபாடலிலும் அஃது உண்டு. அது வழக்கு வீழவே, தொண்ணூற்றைக் குறித்த சொல் ஒன்பதுக்கும், தொள்ளாயிரத்தைக் குறித்தது தொண்ணூற்றுக்கும், ஒன்பதாயிரத்தைக் குறித்தது தொள்ளாயிரத்துக்குமாக ஒருபடி இறங்கின என்பது மொழிஞாயிறு பாவாணர் முடிபு.

உறவோரே! உரிமை கையில் இருக்கிறது, எழுத்துத்தான் கைவரவில்லை. இன்றிரவே பிள்ளைகளை அமர்த்தி, ஒன்று முதல் ஆயிரம் வரை பிழையற எழுதுவியுங்கள். நாளை உங்கள் காசோலையிலும் பற்றுச்சீட்டிலும் தொகை தமிழில் நிற்கட்டும். அவ்விளைஞர் பிழை திருத்தி, தமிழிலேயே எழுதிச் சென்றார். நாமும் எழுதுவோம்!

வாழ்க தமிழ்!