நாற்றம் நின்னுபோச்சா? அப்பத்தான் ஆபத்து!

(தலைப்பு: நச்சுக்காற்றிலிருந்து நம்மைக் காப்பது அனுபவ அறிவா, அறிவியல் அளவீடா? ‘அறிவியல் அளவீடே’ அணியில் மரக்காணத்தைச் சேர்ந்த வேதியியல் ஆசிரியை பேசியது.)



எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். “ஆண்டவன் மூக்குன்னு ஒண்ணு எதுக்குக் குடுத்தான்? கெட்ட நாத்தம் வந்தா எழுந்து ஓடு! இதுக்குப் போய் மீட்டர் எதுக்கு?” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இன்றைக்குச் சாம்பாரா ரசமா, சண்டையா சமாதானமா என்று மூக்காலேயே கண்டுபிடித்துவிடுவாராம். அண்ணே, சாம்பார் விஷயத்தில் உங்கள் மூக்கை நான் நம்புகிறேன். உயிர் விஷயத்தில் நம்ப மாட்டேன்!

(சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் ஐயா, நான் உப்பளத்துப் பிள்ளை. எங்கப்பாவும் அம்மாவும் இந்த மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரித்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். பாத்தி ஓரத்துச் சேற்றில் கால் வைத்தால் அடியில் கறுப்பாக ஒரு சேறு கிளம்பும். கூடவே கெட்டுப்போன முட்டை நாற்றம் ஒன்று வரும். சின்ன வயதில் எங்க ஆயாவிடம் கேட்டேன், “ஏன் ஆயா இப்படி நாறுது?” ஆயா சொன்னது: “உப்பு விளையிற மண்ணு அப்படித்தான் நாறும். போகப் போகப் பழகிடும்.”

அந்தப் ‘பழகிடும்’ என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பித்தான் பல பேர் உயிரை விட்டிருக்கிறார்கள்.

அந்த நாற்றத்தின் பெயர் ஹைட்ரஜன் சல்பைடு. கடல் தண்ணீரில் சல்பேட் என்ற உப்பு இருக்கிறது. சேற்றுக்கு அடியில் காற்றுப் புகாது. அங்கே இருக்கிற பாக்டீரியா சும்மா இருக்குமா? மூச்சு விட ஆக்சிஜன் கிடைக்காததால் சல்பேட்டை எடுத்துக்கொள்கிறது. மக்கிப்போன இலை தழையைத் தின்றுவிட்டு ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடுகிறது. அதே வாயு மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்தால் கறுப்புச் சேறு. எங்கள் உப்பளம் திறந்த வெளி. கடல் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆயாவின் அனுபவம் அந்தத் திறந்தவெளிக்குச் சரி.

அதே வாயு மூடிய குழாய்க்குள்ளே சேர்ந்தால் என்ன ஆகும்?

இங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் புதுச்சேரி. அங்கே ரெட்டியார்பாளையம் புதுநகர். 2024 ஜூன் 11, காலை நேரம். ஒரு மூதாட்டி தன் வீட்டுக் கழிவறைக்குப் போனார். மயங்கி விழுந்தார். சத்தம் கேட்டுத் தூக்க ஓடிய மகளும் விழுந்தார். அதே பகுதியில் இன்னொரு வீட்டில் 15 வயதுப் பெண்பிள்ளை. மூன்று பேரும் போய்விட்டார்கள். பாதாளச் சாக்கடையில் உண்டான ஹைட்ரஜன் சல்பைடு கழிவறை வழியாக வீட்டுக்குள் வந்திருக்கிறது என்றார்கள் அதிகாரிகள்.

ஐயா, அவர்கள் சாக்கடைக்குள் இறங்கவில்லை. தொழிற்சாலைக்குப் போகவில்லை. சொந்த வீட்டில், காலையில் எழுந்து, நீங்களும் நானும் தினமும் போகிற இடத்துக்குத்தான் போனார்கள்.

(அரங்கில் அமைதி)

இப்போது எதிரணி அண்ணனைக் கேட்கிறேன். அவர்களுக்கு மூக்கு இல்லையா? இருந்தது. ஆனால் இந்த வாயு செய்கிற வேலையைக் கேளுங்கள். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே இது நாறும். அதுவரைக்கும் உங்கள் கட்சி ஜெயம். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு ஆகிவிட்டால், சில நிமிஷத்திலேயே மூக்கின் மோப்ப நரம்பு மரத்துப் போய்விடும். நாற்றம் நின்றுவிடும். “அப்பாடா, நாத்தம் போயிடுச்சு” என்று மனிதன் நினைப்பான். போகவில்லை ஐயா, ஏறியிருக்கிறது! 500, 700 பங்கு ஆனால் தள்ளாடி விழுவான். 1,000-ஐத் தாண்டினால் ஒன்றிரண்டு மூச்சுதான்.

உடம்புக்குள் போய் அது என்ன செய்கிறது? நம் உடம்பில் ஒவ்வொரு செல்லும் ஆக்சிஜனை எரித்துத்தான் உயிர் வாழ்கிறது. அந்த அடுப்பையே இந்த வாயு அணைத்துவிடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும். செல் அதை எடுத்துக்கொள்ளாது. இலையில் சோறு இருக்கு, வாயைக் கட்டிவிட்டால் எப்படிச் சாப்பிடுவது?

திருடன் வந்தால் குரைக்கிற நாய் நல்ல நாய். திருடன் பக்கத்தில் வந்ததும் தூங்கிப் போகிற நாயை வைத்துக்கொண்டு எப்படி அண்ணே வீட்டைக் காப்பாற்றுவது?

(கைதட்டல்)

“அப்போ கேஸ் சிலிண்டர் கசிஞ்சா மூக்குதானே சொல்லுது?” என்று அடுத்த அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் சமையல் கேஸுக்குச் சொந்தமாகச் சொல்லிக்கொள்ளும்படி வாசனையே கிடையாது. மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளை அதில் கொஞ்சமாகக் கலந்து அனுப்புகிறார்கள். 1937 மார்ச் 18-ஆம் தேதி அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடம். வாசனை இல்லாத எரிவாயு கசிந்து வெடித்து, ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், செத்துப் போனார்கள். அதற்கப்புறம்தான் எரிவாயுவில் நாற்றம் கலந்தே ஆகவேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. உங்கள் மூக்குக்கு வேலை போட்டுக் கொடுத்ததே அறிவியல்தான் அண்ணே!

(பலத்த கைதட்டல்)

நான் ஒருதலைப்பட்சமாகப் பேச மாட்டேன். மூக்கு ஜெயித்த இடமும் உண்டு. 2023 டிசம்பர் 26, நள்ளிரவு, எண்ணூர். கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் போகிற குழாயில் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். அம்மோனியா தண்ணீரில் பட்டதும் கரைகிற வாயு. கண்ணில் ஈரம், மூக்கில் ஈரம், தொண்டையில் ஈரம். போன இடத்திலேயே கரைந்து காரமாகி எரிக்கும். அந்த எரிச்சல்தான் அவர்களை எழுப்பிவிட்டது. மூக்குக்கு ஒரு கும்பிடு.

ஆனால் ஓடினவர்கள் எப்போது வீட்டுக்குத் திரும்புவது? கைக்குழந்தைக்காரி திரும்பலாமா? ஆஸ்துமாக்காரர் திரும்பலாமா? அதை மூக்கு சொல்லாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து பார்த்தது. ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 400 மைக்ரோகிராம் அம்மோனியாவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. அன்று விடியற்காலையில் ஆலைக்குப் பக்கத்தில் 2,090 இருந்தது. “மூச்சு முட்டுது சாமி” என்று ஏழை சொன்னால் அது புலம்பல். “2,090” என்று சொன்னால் அது சாட்சி!

“அளக்கிறதெல்லாம் படிச்சவன், பணக்காரன் சமாச்சாரம்” என்றார்கள். கடலூர் சிப்காட் பக்கத்துக் கிராமத்து மக்களைக் கேளுங்கள். வருஷக்கணக்காக “நாறுது, நாறுது” என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போனவர்கள். 2004-ல் அவர்களே பயிற்சி எடுத்து, பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையை வைத்து, காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நாற்றத்துக்குப் பெயர் வந்தது, அளவு வந்தது. நாம் தண்ணீர் பிடிக்கிற வாளிதான் ஐயா அவர்களுக்கு மீட்டர்.

கடைசியாக, என் வீட்டுக் கதை ஒன்று. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் ராத்திரி. இந்தக் கரையில் யாருக்கும் அது மறக்காது. கரண்ட் இல்லை. கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, இடுக்கில் துணி அடைத்திருந்தோம். சின்னப் பிள்ளை துணி ஒன்றுகூடக் காயவில்லை. மாமியார் சாம்பிராணிச் சட்டியில் இஸ்திரிக் கரியைக் கனிய வைத்து, மேலே கூடையைக் கவிழ்த்துத் துணி காயப் போட்டார்கள். நன்றாகக் கனிந்த கரி. புகை இல்லை, வாசனை இல்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். “புகையே இல்லையே” என்று நானும் சும்மா இருந்தேன்.

ஒரு மணி நேரத்தில் எனக்கு மண்டையைப் பிளக்கிற தலைவலி. அவருக்கு வாந்தி வருகிற மாதிரி. மாமியார், “ஈரக்காத்து தலைக்கு ஏறிடுச்சும்மா” என்று சுக்கை இழைத்து நெற்றியில் பத்துப் போட்டார்கள். மாமியார் ஆசையாக என் நெற்றியில் கை வைத்ததே அன்றைக்குத்தான், அதைக் கெடுக்க எனக்கும் மனசு வரவில்லை!

(சிரிப்பு)

அப்புறம் பிள்ளையை எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. கன்னத்தைத் தட்டினேன். கண்ணைத் திறந்து திறந்து சொருகினாள். அந்த ஒரு நிமிஷம் ஐயா... பத்து வருஷமாகக் கரும்பலகையில் நான் எழுதிப் போடுகிற பாடம் அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. கார்பன் மோனாக்சைடு! கதவை உதைத்துத் திறந்தேன். சட்டியை மழையில் கொட்டினேன். பிள்ளையைத் தூக்கித் திண்ணையில் சாரலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “அம்மா, குளிருது” என்றாள். புயல் காற்று பனைமரத்தை முறித்துக்கொண்டிருந்தது. அதே காற்றுதான் என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தது.

(நீண்ட கைதட்டல்)

கரி முழுசாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு. காற்றுப் போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை, எரிச்சல்கூட இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்று ஒரு பஸ் இருக்கிறது, ஆக்சிஜன் பயணிகளை ஏற்றிப் போக. அந்த சீட்டை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் கெட்டியாக இவன் பிடித்துக்கொள்வான், லேசில் இறங்க மாட்டான். பஸ் ஓடும், ஆக்சிஜன் ஸ்டாண்டிலேயே நிற்கும். இதற்கு எந்த மூக்கு அண்ணே உதவும்? பாடம் படித்த நானே மூக்கை நம்பித்தானே ஏமாந்தேன்?

ஆக மூன்று வகை. சத்தம் போடுகிறவன் அம்மோனியா. சத்தம் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறவன் ஹைட்ரஜன் சல்பைடு. வாயே திறக்காதவன் கார்பன் மோனாக்சைடு. மூன்றில் ஒருவனைத்தான் மூக்கு முழுசாகப் பிடிக்கும்.

(நடுவர் மணி அடிக்கிறார்)

முடித்துவிடுகிறேன் ஐயா. இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் நாலு காரியம் செய்யுங்கள். கழிவறைக் குழாயில் வளைவு இருக்கிறதா, அதில் எப்போதும் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். அந்தத் தண்ணீர்தான் வாயுவுக்குப் பூட்டு. ஊருக்குப் போய்விட்டு வந்தால் எல்லாக் குழியிலும் முதலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மூடிய அறையில் கரியோ ஜெனரேட்டரோ கூடவே கூடாது. கழிவுநீர்த் தொட்டிக்குள் யாரையும் இறக்காதீர்கள். 2013-ஆம் வருஷச் சட்டப்படி அது குற்றம். 14420-க்குப் போன் செய்து இயந்திரத்தை வரவழையுங்கள். குழிக்குள் ஒருவர் விழுந்துவிட்டால் பாசத்தில் பின்னாலேயே குதிக்காதீர்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். பாசம் மூச்சுக் கருவி ஆகாது.

எங்கப்பா எழுத்து வாசனை இல்லாதவர். நாற்பது வருஷம் உப்பளத்து அனுபவம். பாத்தித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே பக்குவம் சொல்வார். ஆனாலும் கண்ணாடிக் குழாய் மிதவையைப் போட்டு டிகிரி பார்க்காமல் ஒரு நாளும் உப்பு வார மாட்டார். 25 டிகிரி வந்தால் உப்பு இறங்கும். 30-ஐத் தாண்ட விட்டால் கசப்பு உப்பு கலந்துவிடும். “உங்களுக்குத்தான் பார்த்தாலே தெரியுதே, அப்புறம் எதுக்குப்பா இது?” என்று கேட்டேன். அவர் சொன்னார்: “எனக்குத் தெரியும்னு நெனைக்கிறேன் பாரு, அதுக்குத்தான்.”

உப்புக்கே அளவு பார்த்தார் எங்கப்பா. மூச்சுக்கு அளவு பார்க்க வேண்டாமா? நல்ல தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் ஐயா!

(கைதட்டல்)