பழகிய கையும் தளரும் வயதும்



தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் தாய்மாரைப் பார்க்கிறோம். கால் மிதிக்க, கை துணியைத் தள்ள, வாய் பிள்ளைக்குப் பதில் சொல்கிறது. எல்லாம் பழக்கம். கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் ஒரே அவையில் நூறு விஷயங்களில் கவனம் வைத்துச் 'சதாவதானி' ஆனார். அப்போது அவருக்கு வயது 32.

வயது ஏற ஏற, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மனம் தாவுவது மெதுவாகிறது. ஆனால் பல்லாண்டு பழகியது எளிதில் போவதில்லை. செபமாலையில் விரல் மணியை உருட்ட, நாவு செபிக்க, மனம் மறையுண்மையைத் தியானிக்க நம் முதியோரால் முடிகிறதே!

ஆகவே, அடுப்பில் பால் இருக்கையில் கைபேசியை நீட்டிவிட்டு, பால் பொங்கியதும் அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். பலவற்றில் பரபரப்பாயிருந்த மார்த்தாவுக்குத் தேவையானது ஒன்றே என்று ஆண்டவர் உணர்த்தினார் (லூக் 10:38-42). நாமும் ஒரு நேரத்தில் ஒன்றையே கேட்போம். பதில் வரும்வரை காத்திருப்போம். நான்காம் கட்டளையைக் கடைப்பிடிக்க அதுவும் ஒரு வழி. ஆமென்.