பிறப்பை மாற்றி எழுதும் கதைகள்



இந்த நினைவுரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது பதின்வயதினருக்கான ஒரு மாயாஜால நாவல். மிளகாய் வற்றலும் மல்லியும் விளைகிற நாகலாபுரத்தில் உட்கார்ந்துகொண்டு ஆப்பிரிக்கத் தெய்வங்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்ஸ் தன் பெயரையே அமெரிக்கக் கறுப்பர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. அவர்கள் எழுதுவதை நம் வீட்டுச் சங்கதியாகப் படிக்கிற பழக்கம் நமக்கு உண்டு. ஏமாற்றமும் அதனால்தான் கூடுதலாகிறது.

நாவலின் பெயர் 'சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்'. எழுதியவர் டோமி அடேயெமி, நைஜீரியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். 2018இல் வெளிவந்து பெரும் விற்பனை கண்டது. நிராயுதபாணிகளான கறுப்பர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றதன் கோபத்தில் எழுதியதாக அவரே நூலின் பின்குறிப்பில் சொல்கிறார். அந்தக் கோபத்தை நான் சந்தேகிக்கவில்லை. தொடக்கப் பக்கங்கள் நன்றாகவே பிடித்து இழுக்கின்றன. மாயசக்தி கொண்ட மக்களை அரசன் ஒரே இரவில் கொன்றொழித்திருக்கிறான். மிஞ்சிய வெள்ளைமுடிப் பிள்ளைகளுக்கு வரிக்கு மேல் வரி. கட்ட முடியாதவர்கள் கட்டாய உழைப்புக்குப் போகிறார்கள். கூப்பிடுவதற்கென்றே ஒரு வசைச்சொல்லும் இருக்கிறது. கொத்தடிமை முறையை அறிந்த நமக்கு இதற்கு உரை வேண்டாம்.

பிறகு என்ன ஆகிறது? பிண்டா என்றொரு பணிப்பெண், ஒடுக்கப்பட்ட இனத்தவள். தொடக்கத்திலேயே அரசன் அவளைக் கொன்றுவிடுகிறான். அதைப் பார்த்து இளவரசிக்குக் கண் திறக்கிறது. கதை இளவரசியோடு போய்விடுகிறது. மூன்று பேர் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள், அதில் இரண்டு பேர் அரசனின் பிள்ளைகள்! தாயைப் பறிகொடுத்த நாயகி ஸேலி, தாயைக் கொன்ற அரசனின் மகனையே காதலிக்கிறாள். கடைசியில் அவன் துரோகம் செய்கிறான் என்பது உண்மைதான். ஆனால் அதுவரை அவனுடைய மனப் போராட்டத்துக்குக் கிடைத்த பக்கங்களில் நூறில் ஒரு பங்கு பிண்டாவுக்குக் கிடைக்கவில்லை.

இதைவிட என்னை உறுத்துவது இரத்தம். இந்த நாவலில் சக்தி பிறப்பில் வருகிறது. உடலிலேயே அடையாளம் இருக்கிறது. இளவரசனுக்கும் இளவரசிக்கும்கூட அந்த வெள்ளை முடி முளைத்துவிடுகிறது. உழைத்தோ சங்கம் சேர்ந்தோ யாரும் எதையும் பெறுவதில்லை.

நாவல் கையாளும் தெய்வங்களோ வேறு மாதிரி. யொரூபா மக்கள் ஒரிஷா என்று அழைக்கும் அவற்றில் ஷாங்கோ, ஓயோ நாட்டின் மன்னனாக இருந்து இறந்தபின் இடியின் தெய்வமானவர் என்பது ஐதீகம். ஓகூன் இரும்பின் தெய்வம். கொல்லர்கள் கும்பிட்ட அவரை இன்று லாரி ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் கும்பிடுகிறார்கள். அடிமைக் கப்பலில் இந்தத் தெய்வங்களும் ஏறிப்போயின. கியூபாவில் ஷாங்கோ, கத்தோலிக்கப் புனிதை பார்பராவின் பெயருக்குள் ஒளிந்து பிழைத்தார். பிரேசிலின் பாஹியாவில் 1970கள் வரை இவர்களின் வழிபாட்டிடங்கள் போலீசில் பதிய வேண்டியிருந்தது. 2003இல் ஆடு, கோழி பலியிடத் தமிழக அரசு தடை போட்டபோது நம் சாமிகள் போலீசுக்குப் பயந்து நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். இவ்வளவு உழைப்பும் தலைமறைவும் கொண்ட தெய்வங்கள் நாவலில் ஆளுக்கொரு சக்தி வழங்கும் இலாகாக்களாகச் சுருங்கிவிட்டன. நெருப்புக்கு ஒருவர், நீருக்கு ஒருவர்.

இதை அமெரிக்கச் சந்தையின் கோளாறு என்று தள்ளிவிட முடியாது. நம்மிடம் நடந்ததைப் பாருங்கள். மதுரைவீரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 படத்தில் எம்.ஜி.ஆரை எடுத்து வளர்ப்பவர்கள் என்.எஸ்.கிருஷ்ணனும் மதுரமும் நடித்த சக்கிலியத் தம்பதி. பிறந்ததோ அரண்மனையில். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட வீரனுக்கு வீரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ராஜ இரத்தம் என்று பதில் தயாராக இருக்கிறது. முத்துப்பட்டன் கதை இன்னும் கூர்மையானது. பிராமணனான பட்டன், வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்காவுக்காகக் குடுமியையும் பூணூலையும் விட்டுச் செருப்புத் தைக்கக் கற்கிறான். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் அவனுக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை. இந்தக் கதையிலும் பின்னால் கைவைத்தார்கள். அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், பகடை எடுத்து வளர்த்தான், அவ்வளவுதான் என்று மாற்றினார்கள். இந்த மாற்றத்தைக் கவனித்துச் சொன்னவர் நா. வானமாமலை.

இப்போது அந்த வேலையை நாமே செய்கிறோம். தெருவுக்குத் தெரு 'ஆண்ட பரம்பரை' சுவரொட்டி. அதில் நம் பிள்ளைகள் ஒட்டியதும் இருக்கிறது. கோபம் வருகிறது என்றாலும் அவர்களைத் திட்டிப் பயனில்லை. பள்ளியிலும் டீக்கடையிலும் சிறுமைப்பட்ட ஒரு பையனுக்கு, நீ ராஜா வீட்டுப் பிள்ளை என்ற சொல் ஒரு நாள் ராத்திரித் தூக்கமாவது தரும். ஆனால் ராஜா வீட்டுப் பிள்ளை இல்லாதவனை மிதிக்கலாம் என்ற ஏற்பாடு அப்படியே இருக்கிறதே, அதை என்ன செய்வது?

வேறு விதமாக எழுத முடியும் என்பதற்குத் தொலைவு போக வேண்டாம். கோவில்பட்டி வட்டாரத்து உருளைகுடிக்காரர் சோ. தர்மனின் 'கூகை' 2005இல் வந்தது. தலித் எழுத்தாளர் என்ற அடைமொழியை அவர் ஏற்பதில்லை, அது அவர் உரிமை. பகலில் வெளியே வந்தால் மற்றப் பறவைகள் கொத்தும் கூகையை, ஊர் அபசகுனம் என்று விரட்டும் கூகையை, அந்த நாவலில் சாமியாகக் கும்பிடுகிறார்கள். கூகை கழுகுக்குப் பிறந்தது என்று அவர் எங்கும் எழுதவில்லை. வலுவிருந்தும் ஒடுங்கிக் கிடக்கும் பறவையாகவே அது இருக்கிறது. மாயமும் இருக்கிறது, பஞ்சமும் நிலமும் கூலியும் இருக்கின்றன.

சுடலையையும் வீரனையும் வைத்து மாயாஜாலக் கதை எழுதும் ஆசை இங்குள்ள மாணவர்களுக்கு இருக்கும். எழுதுங்கள். அதற்கு முன் ஒரு வேலை. வரும் கொடைக்கு உங்கள் பக்கத்தில் முத்துப்பட்டன் கதை பாடினால் போனில் பதிவு செய்யுங்கள். பொம்மக்காவும் திம்மக்காவும் யார் வயிற்றில் பிறந்ததாகப் பாடுகிறார்கள் என்று கேளுங்கள். பாட்டுக்காரரிடம் மட்டுமல்ல, பந்தலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் கிழவிகளிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.