வீடு கட்டி விளையாட எவ்வளவு விலையில் கணினி வேண்டும்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



போன கூட்டத்தில் தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் எல்லாம் பேசி முடித்த பிறகு ஓர் அம்மா எழுந்து கேட்டார். "பரீட்சை முடிஞ்சதும் கம்ப்யூட்டர் வாங்கித் தரேன்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். அவ 'சிம்ஸ்' விளையாடணும்கிறா. அதுக்கு எழுபதாயிரம் ரூபா மிஷின் வேணும்னு சொல்றாங்க. தவணையில வாங்கலாமா?" அன்றைக்கு நேரம் இல்லை. இன்றைக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுபதாயிரம் வேண்டாம். தவணையும் வேண்டாம். அதில் பாதிக்கும் குறைவான பணத்தில் வாங்கலாம். சில வீடுகளில் செலவே இல்லாமலும் முடியும். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், இது என்ன விளையாட்டு என்று பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் சின்ன வயதில் சொப்பு வைத்து விளையாடியிருப்பார்கள். மணலில் வீடு கட்டுவது, சோறு ஆக்குவது, அப்பா அம்மா ஆவது. பிள்ளைத்தமிழில் சிற்றில் என்று ஒரு பருவமே இதற்கு உண்டு. 'சிம்ஸ்' அதேதான், திரையில் நடக்கிறது. மனிதர்களை உருவாக்கி, வீடு கட்டிக் கொடுத்து, வேலைக்கு அனுப்பி, பசி, தூக்கம், சண்டை, சமாதானம் எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை உருவாக்கியவர் வில் ரைட் என்ற அமெரிக்கர். 1991-ல் கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் பரவிய பெருந்தீயில் அவர் வீடு எரிந்துபோனது. மறுபடி வீடு அமைத்து, பொருள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்த அனுபவத்திலிருந்து இந்த யோசனை வந்தது. "பொம்மை வீடுதானே, யார் விளையாடுவார்கள்" என்று அவர் நிறுவனத்திலேயே தயங்கினார்கள். 2000-ல் வெளிவந்து உலகம் முழுவதும் ஓடியது.

இப்போது பிள்ளைகள் கேட்பது நான்காம் பாகம், 'சிம்ஸ் 4'. இது வந்தது 2014-ல். இதைக் கவனியுங்கள். பத்து வருடத்துக்கு முன் இருந்த கணினிகளுக்காகச் செய்த விளையாட்டு இது. இதற்குப் புத்தம் புதிய பெரிய மிஷின் எதற்கு? இன்னொன்று, 2022 அக்டோபரிலிருந்து இதன் அடிப்படை விளையாட்டு இலவசம். கூடுதல் பொதிகளுக்கு மட்டும்தான் காசு.

நிறுவனம் சொல்லும் தேவை என்ன? 64-பிட் விண்டோஸ். குறைந்தது 4 ஜி.பி. ராம், நன்றாக ஓட 8 ஜி.பி. பிராசசர் 2012-ல் வந்த இன்டெல் ஐ3-3220 அளவுக்கு இருந்தாலே தொடங்கலாம். வட்டில் குறைந்தது 26 ஜி.பி. இடம். இவ்வளவுதான்.

எழுபதாயிரம் விலை சொல்லும் மிஷினில் தனியாக கிராபிக்ஸ் கார்டு இருக்கும். துப்பாக்கிச் சண்டை, கார் பந்தய விளையாட்டுகளுக்கு அது வேண்டும். 2025 மார்ச்சில் தென்கொரியாவிலிருந்து 'இன்சாய்' என்று இதே வகை விளையாட்டு ஒன்று வந்தது. அதற்குக் குறைந்தபட்சமே ஆர்.டி.எக்ஸ். 2060 கார்டும் 12 ஜி.பி. ராமும் கேட்கிறார்கள். பிள்ளை கேட்பது எந்த விளையாட்டு என்று பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'சிம்ஸ் 4' என்றால் பிராசசருக்கு உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். விளையாட்டின் கிராபிக்ஸ் அமைப்பில் 'லேப்டாப் மோட்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் இன்னும் இலகுவாக ஓடும்.

இந்த விளையாட்டு எங்கே திணறும் என்று தெரிந்தால் பணத்தை எங்கே போடுவது என்பதும் தெரிந்துவிடும். திரையில் இருக்கும் ஒவ்வொரு ஆளும் அடுத்து என்ன செய்வது என்று கணினிதான் கணக்குப் போடுகிறது. கல்யாண வீடு மாதிரி பத்து பேரைக் கூட்டினால் வேலை பிராசசருக்கு. உள் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதனால் 4 ஜி.பி. ராம் பெயருக்குத்தான் போதும், 8 இருந்தால்தான் நிம்மதி. அந்த 8-ம் ஒரே அட்டையாக இல்லாமல் 4-ம் 4-ம் என்று இரண்டாக இருந்தால் இரண்டு வழியிலும் தகவல் போகும், படம் ஓட்டம் கூடும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் வீடு திறக்கவே நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. கட்டாயம் வேண்டும்.

சரி, கடைக்குப் போவதற்கு முன் வீட்டுப் பரணைப் பாருங்கள். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் நம் தெருவில் எத்தனை வீட்டுக்கு வந்தது என்று உங்களுக்கே தெரியும். பிளஸ் டூ முடித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள், மிஷின் துணி சுற்றி இருக்கிறது. பெரும்பாலும் 2 அல்லது 4 ஜி.பி. ராம், சுழலும் டிஸ்க். ஆரம்பகால மிஷின்களில் 'சிம்ஸ் 4' சரிவராது, ஏமாற வேண்டாம். பிறகு வந்த 4 ஜி.பி. மிஷின்களில் ராமைக் கூட்டி எஸ்.எஸ்.டி. போட்டால் மெதுவாக ஓடிப்பார்க்கலாம். ஆனால் பிராசசர் பலவீனம், அதை மாற்ற முடியாது. அதனால் அதில் பெரிய தொகை போடாதீர்கள்.

அந்தப் பழைய மிஷினுக்கு வேறு ஒரு விளையாட்டு அருமையாக இருக்கும். 'ஸ்டார்டியூ வேலி'. 2016-ல் எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உட்கார்ந்து செய்தது. தாத்தா விட்டுப்போன நிலத்துக்கு வந்து, களை எடுத்து, விதைத்து, தண்ணீர் ஊற்றி, அறுவடையை விற்று, ஊராரோடு பழகி வாழும் கதை. கரும்பும் நெல்லும் போடும் ஊரில் இதைப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். இதற்கு 2 ஜி.பி. ராமும் 500 எம்.பி. இடமும் போதும். இது இலவசம் அல்ல, ஆனால் ஒரு முறை வாங்கினால் போதும்.

கல்லூரியில் படிக்கும் அண்ணனோ அக்காவோ இருக்கும் வீடுகளுக்கு ஒரு நல்ல செய்தி. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்த திட்டத்தில் வந்த மடிக்கணினிகளில் 8 ஜி.பி. ராமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் இருக்கின்றன. 'சிம்ஸ் 4'-க்கு அது போதும். படிப்புக்கு வந்த பொருள், அதனால் அண்ணன் படிக்காத நேரத்தில் தங்கை விளையாடட்டும். புதிதாக ஒன்று வாங்காமலே காரியம் முடிந்துவிடும்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் இரண்டு வழி.

ஒன்று, புதுப்பித்து விற்கும் அலுவலக மடிக்கணினி. கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழித்தவை, கட்டு உறுதியாக இருக்கும். ஏறக்குறைய இருபதாயிரத்தை ஒட்டிக் கிடைக்கும். இங்கே ஒரு விஷயத்தில் ஏமாறக் கூடாது. 'ஐ7' என்ற ஸ்டிக்கரைப் பார்த்து நம் பகுதியிலேயே ஒரு வீட்டில் வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தால் இரண்டாம் தலைமுறை. ஐ3, ஐ5, ஐ7 என்பதைவிடத் தலைமுறை முக்கியம். ஐ5-8250 என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் 8, எட்டாம் தலைமுறை. 10210 என்றால் பத்து, 1135 என்றால் பதினொன்று. எட்டுக்குக் கீழே வாங்காதீர்கள். ஏனென்றால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏறுவதற்கு எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது ரைசன் 2000 வரிசையாவது வேண்டும். பழையதை வாங்கினால் விலை குறைவுதான், ஆனால் பாதுகாப்பு அப்டேட் வராத மிஷினில் நாளைக்கு வங்கிக் கணக்கும் திறப்பீர்கள்.

இரண்டாவது, புதிய மடிக்கணினி. ஐ3 அல்லது ரைசன் 3, 8 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும், ராம் விலையைப் பொறுத்து ஏறி இறங்கும். சொல்லும் விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்ததா என்று கேளுங்கள். இங்கேயும் ஒரு பொறி உண்டு. செலரான் பிராசசர், 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. சேமிப்பு என்று புத்தம் புதிதாகப் பளபளவென்று குறைந்த விலையில் வைத்திருப்பார்கள். அதில் ராம் பலகையோடு பற்றவைத்திருக்கும், கூட்ட முடியாது. விண்டோஸும் விளையாட்டும் ஏறியதும் இடம் தீர்ந்துவிடும். அதற்குப் புதுப்பித்த ஐ5 எவ்வளவோ மேல். குரோம்புக்கிலும் 'சிம்ஸ் 4' நேரடியாக ஓடாது.

டெஸ்க்டாப் வாங்கலாமா என்று கேட்பீர்கள். அதே காசுக்குக் கொஞ்சம் கூடுதல் வேகம், பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் மின்வெட்டுக்கு யு.பி.எஸ். செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மடிக்கணினியில் பேட்டரியே யு.பி.எஸ்.

கள்ளக்குறிச்சியில் வாங்கினாலும் சென்னை ரிட்ச்சி தெருவுக்குப் போனாலும் பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே ஐந்து சோதனை செய்யுங்கள்.

1. 'டாஸ்க் மேனேஜர்' திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கம் பாருங்கள். பிராசசர் பெயர், ராம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட் காலி, டிஸ்க் எஸ்.எஸ்.டி.யா என்று எல்லாம் அங்கே தெரியும்.

2. சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் வீடியோ ஓட விடுங்கள். பேட்டரியின் லட்சணம் தெரிந்துவிடும்.

3. விண்டோஸ் முறையாக 'ஆக்டிவேட்' ஆகியிருக்கிறதா, பழைய கம்பெனியின் பூட்டு ஏதும் இருக்கிறதா பாருங்கள். அணைத்துப் போட்டால் தெரியாத கம்பெனி பெயரில் பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

4. எல்லா யு.எஸ்.பி. துளையிலும் பென்டிரைவ் செருகிப் பாருங்கள். எல்லா விசையையும் தட்டிப் பாருங்கள்.

5. சீரியல் எண் எழுதிய ஜி.எஸ்.டி. பில், எத்தனை மாத வாரண்டி என்பது எழுத்தில். வாய்வார்த்தை செல்லாது. பில் இருந்தால்தான் தகராறு வரும்போது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேச முடியும்.

மிஷின் வந்தபின் இறக்குவது ஒரு வேலை. தினம் 1.5 ஜி.பி. செல்போன் டேட்டாவில் இறக்கினால் பத்து நாளுக்கு மேல் ஆகும். நிறுத்தி நிறுத்தி இறக்கலாம், விட்ட இடத்திலிருந்து தொடரும். பொறுமை இல்லாமல் "முழுப் பொதியும் இலவசம்" என்று சொல்லும் கண்ட தளங்களிலிருந்து இறக்காதீர்கள். அதோடு வைரஸும் வரும். அடிப்படை விளையாட்டே இலவசமாக இருக்கும்போது திருட்டுப் பிரதி எதற்கு?

கூடுதல் பொதிகள் பற்றிப் பெற்றோர்கள் தெரிந்துகொள்ளுங்கள். அத்தனையும் முழு விலைக்கு வாங்கினால் நாம் பேசும் கணினியின் விலையைத் தாண்டிவிடும். உங்கள் கார்டு எண்ணை மிஷினில் சேமித்து வைக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு பொதி, தள்ளுபடி வரும்போது என்று பிள்ளையிடம் பேசி முடிவு செய்யுங்கள். இது ரம்மி மாதிரி பணம் கட்டி ஆடும் ஆட்டம் இல்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் காதல், கல்யாணம் எல்லாம் வரும். ஐரோப்பாவில் 12 வயதுக்கு மேல், அமெரிக்காவில் 13-க்கு மேல் என்று வைத்திருக்கிறார்கள். முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு வீடு கட்டிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. "விளையாட்டுக்கா இவ்வளவு?" என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நாம் வாங்கச் சொல்வது விளையாட்டு மிஷின் இல்லை. அதே 8 ஜி.பி. கணினியில்தான் நாளை டைப்பிங், டேலி, நுழைவுத் தேர்வு விண்ணப்பம், அப்பாவின் சிட்டா, பட்டா எல்லாம் நடக்கும். எழுபதாயிரத்தைத் தவணையில் வாங்கினால் வட்டியோடு இரண்டு வருடம் அது வீட்டில் பேச்சாகிவிடும். மதிப்பெண் குறையும்போதெல்லாம் அந்தத் தவணையைச் சொல்லித் திட்டுவோம். கையிலிருக்கும் காசுக்கு வாங்கினால் பிள்ளை நிம்மதியாக விளையாடும், நாமும் நிம்மதியாகத் தூங்கலாம்.

கடைக்குப் போகும் நாளில் யாருக்காவது துணை வேண்டுமென்றால் சங்க அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானே வருகிறேன்.