தெர்மாமீட்டர் கைமாறிய கதை

(நர்சிங் மாணவிகளும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேங்க்ல கணக்கு எழுதுறவன், மிச்ச நேரத்துல கவிதை எழுதுறவன், உனக்கு நர்சிங் பற்றிப் பேச என்ன தகுதின்னு கேட்கலாம். இருபத்தோரு நாள் ஆஸ்பத்திரி வராண்டாவில் துண்டு விரித்துப் படுத்த தகுதிதான்.

அம்மாவை ஜெனரல் வார்டில் சேர்த்திருந்தோம். முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் எந்த ஊர் என்று கேட்டார் நர்சு. ஊர்ல எந்தத் தெருன்னு கேட்டார். அதுக்கப்புறம் பக்கத்துக் கட்டில்காரம்மாவுக்கு மாத்திரை உள்ளங்கையில், எங்கம்மாவுக்கு ஸ்டூல் மேல். அதே மாத்திரை, அதே வேளை. டோஸில் ஒரு குறையும் சொல்ல முடியாது. புகார் கொடுப்போம்னு குதித்தேன். அம்மா கேட்டுச்சு: “மாத்திரை குடுக்கலன்னா எழுதலாம். ஸ்டூல்ல வெச்சாங்கன்னு என்னத்தடா எழுதுவ?”

எழுத முடியவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் நர்சிங் புத்தகங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அதற்கு முன்னால் ஒரு பழைய சம்பவம். அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ குறிப்புகளில் ஒரு கடிதத்தை எடுத்துத் தருகிறார். 1929 டிசம்பர் 12 ‘யங் இந்தியா’வில் வந்தது. கத்தியவாரில் தீண்டப்படாத சாதி ஆசிரியர் ஒருவரின் மனைவி, பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் படுத்துவிடுகிறார். டாக்டர் சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார். பச்சைப் பிள்ளையோடு அந்தப் பெண்ணை வெளியே கொண்டுவருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் அது திரும்புகிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்து நிமோனியா என்கிறார் டாக்டர். மருந்து அனுப்புகிறார். மறுபடி வந்து பார்க்க மறுக்கிறார். அந்தப் பெண் செத்துப்போகிறார்.

தெர்மாமீட்டரில் கோளாறு இல்லை. பாதரசம் சாதி கேட்டுக்கொண்டு ஏறவில்லை. படித்த வைத்தியத்தை டாக்டர் மறந்துவிடவும் இல்லை. அப்போ அங்கே இல்லாமல் போன படிப்பு எது?

நர்சிங் எப்பவுமே அடுத்த வீட்டில் கடன் வாங்கி வளர்ந்த படிப்புதான். இதில் கேவலம் ஒன்றுமில்லை. நைட்டிங்கேல் கையில் விளக்கைக் கொடுத்துப் படம் போட்டுவிட்டார்கள். அந்தம்மா கையில் இருந்தது கணக்கு. கிரிமியப் போரில் சிப்பாய்கள் குண்டடி பட்டுச் செத்ததைவிடத் தடுக்கக்கூடிய நோயில் செத்ததே அதிகம் என்று 1858இல் வட்டப்படம் போட்டு அரசாங்கத்தின் முகத்தில் காட்டினார். (கணக்கு எழுதுறவன்கிறதால எனக்கு இதில் கொஞ்சம் கர்வம் உண்டு.) 1952இல் ஹில்டிகார்ட் பெப்லாவ், மனநல மருத்துவர் சல்லிவனின் சிந்தனையை வாங்கி, நர்சுக்கும் நோயாளிக்கும் உள்ள உறவே வைத்தியத்தின் பகுதி என்றார். ஸ்டூல் விவகாரம் இங்கேயே லேசாகப் பிடிபடுகிறது.

அப்புறம் மேடலின் லைனிங்கர். நர்சாக இருந்தவர், மானிடவியல் படித்து, நியூ கினியாவில் காட்சப் மக்களோடு தங்கி ஆய்வு செய்தவர். ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்கும் பராமரிப்பு என்பதன் அர்த்தமே வேற, அதைத் தெரிந்துகொள்ளாமல் பராமரிக்க முடியாது என்றார். பெரிய காரியம். குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. எங்கம்மாவை எந்த ஊர், எந்தத் தெருன்னு கேட்ட நர்சும் ஒரு வகையில் மானிடவியல்தானே பண்ணினார்? விவரம் தெரிந்த பிறகுதானே மாத்திரை ஸ்டூலுக்குப் போனது?

இந்த இடத்தில் எனக்குக் கை கொடுத்தவர் நியூசிலாந்தின் இரிஹாபெட்டி ராம்ஸ்டென். மாவோரி இனத்து நர்சு. 1988இல் கிறைஸ்ட்சர்ச்சில் நடந்த ஒரு கூட்டத்தில், முதலாண்டு படித்த மாவோரி மாணவி ஒருத்தி எழுந்து, சட்டப் பாதுகாப்பு, சிகிச்சைப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, பண்பாட்டுப் பாதுகாப்பு என்னாச்சு என்று கேட்டாள். ராம்ஸ்டென் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கோட்பாடாகவே வளர்த்தார். அவர் கடன் வாங்கியது வரலாற்றிடம். 1840 வைத்தாங்கி ஒப்பந்தம், பறிபோன நிலம், வந்துசேர்ந்த வறுமை. மாவோரிகளின் சடங்கைப் படிக்கிறதைவிட, உன் கையில் இருக்கும் அதிகாரத்தை, உன் பாட்டன் எங்கே நின்றான் என்பதைப் படி என்று நர்சைப் பார்த்துச் சொன்னார். பராமரிப்பு பாதுகாப்பானதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது கட்டிலில் கிடக்கிற ஆள். ‘வேற்றுமை பாராமல் சேவை’ என்கிற வாசகத்தையே அவர் சந்தேகித்தார். பாராமல் இல்லை, பார்த்து, மதித்து.

1992இல் அந்நாட்டு நர்சிங் கவுன்சில் இதைப் பாடத்தில் சேர்த்தது. அடுத்த வருசமே பத்திரிகைகள் கூப்பாடு போட்டன. 1995இல் நாடாளுமன்றக் குழு விசாரணை வரைக்கும் போனது. 2003இல் ராம்ஸ்டென் இறந்தார். பாடம் இன்னமும் இருக்கிறது.

நம்ம பி.எஸ்சி. நர்சிங்கிலும் சமூகவியல் இருக்கு, சாதி அமைப்பும் அதில் வருது. பரீட்சைக்கு அஞ்சு மார்க். அந்தச் சாதி எங்கேயோ கிராமத்தில் இருக்கிற சாதி. வார்டுக்குள்ள ஸ்டூலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இருக்கிறதைப் பாடமாக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லணும். ரத்தம், சீழ், மூத்திரம் தொடுகிற வேலை தீட்டு என்று மேல்சாதிக்காரர்கள் ரொம்ப காலம் நர்சிங் பக்கமே வரவில்லை. கிறிஸ்தவப் பெண்கள்தான் வந்தார்கள், ஏச்சும் வாங்கினார்கள். தீட்டுப் பட்டம் சுமந்த ஒரு தொழில் எப்படித் தீட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்டது? இந்த வரலாற்றை உங்க நர்சிங் வகுப்புல யாராவது எழுப்பினா, அங்கிருந்து நிறைய திறக்கும். எங்கம்மா வார்டு நர்சு மேல எனக்கிருந்த கோபம் இதைப் படித்த பிறகு கொஞ்சம் மாறியது. போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

சாதியைப் பாடமா வெச்சா சாதி வளராதான்னு கூட்டத்துக்கு முன்னாடி ஒரு தங்கச்சி கேட்டுச்சு. கிருமியைப் பாடமா வெச்சிருக்காங்களேம்மா, அதனாலயா கிருமி வளருது?

அம்மா இப்போ நல்லா இருக்கு. போன வாரம் ராம்ஸ்டென் கதையைச் சொன்னேன். நோயாளிதான் தீர்ப்புச் சொல்லணுமாம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் வெத்தலை மென்னுட்டு, “நல்லாத்தான் இருக்கு. நான் சொல்றேன், யாரு எழுதிக்குவா?”ன்னு கேட்டுச்சு. கேஸ் ஷீட் உங்க கையிலதான் இருக்கு, சிஸ்டர். டீ வந்துடுச்சு போல. குடிச்சிட்டு நீங்க பேசுங்க, நான் எழுதிக்கிறேன்.